டிஎம்டி வச்சு இன்ஃப்ராரெட் ஸ்பெக்ட்ரல் கேமரா: இந்த 'அடாப்டிவ்'ல நிஜமா சரக்கு இருக்கா?

#1 அரைகுறை_ஆப்டிக்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். எம்.ஈ. ரெண்டாவது வருஷம். கைடு ஒரே வரில "அடாப்டிவ் ஸ்பெக்ட்ரல் இமேஜிங், இன்ஃப்ராரெட்ல, டிஎம்டி வச்சு பண்ணு, பிளாஸ்டிக் வகை பிரிக்கிற மாதிரி ஒரு டெமோ காட்டு"ன்னு சொல்லிட்டு கான்ஃபரன்ஸ் கிளம்பிட்டார். (டிஎம்டின்னா டிஜிட்டல் மைக்ரோமிரர் டிவைஸ், குட்டிக் கண்ணாடி அடுக்கின சிப். ஸ்பெக்ட்ரல் இமேஜிங்னா ஒவ்வொரு பிக்சல்லயும் எந்த அலைநீளம் எவ்வளவுன்னு பாக்கறது.) பேப்பர் தேடிப் படிச்சா ஒண்ணுல ஒத்த டிடெக்டர் வச்சு படம் எடுக்கறாங்க, இன்னொண்ணுல ஒளிய அலைநீளமா பிரிக்கற ரெண்டு கிரேட்டிங்குக்கு நடுவுல மாஸ்க் வைக்கறாங்க, வேற ஒண்ணுல ஒரே ஷாட் எடுத்துட்டு மிச்சத்த கணக்குப் போட்டு மீட்டுடறேன்றாங்க, எல்லாத்து மேலயும் அடாப்டிவ்னு லேபிள் மட்டும் கரெக்டா ஒட்டியிருக்கு.

என் சந்தேகம் இதான். வரி வரியா ஸ்கேன் பண்ற சாதாரண புஷ்ப்ரூம் கேமரா வச்சு எல்லா பேண்டையும் (அலைநீளப் பட்டை) பிடிச்சுட்டு, தேவையானத சாஃப்ட்வேர்ல எடுத்துக்கிட்டா ஆகாதா? எதுக்கு இந்தக் கண்ணாடி வித்தை?

#2 சர்க்யூட்சாமி

தம்பி, மொதல்ல சாமான் என்னன்னு பாத்துடுவோம், பின்னாடி வர்றவங்களுக்கும் உதவும்.

டிஎம்டி 1987ல டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ்ல லாரி ஹார்ன்பெக் கண்டுபிடிச்சது. தியேட்டர் ப்ரொஜெக்டருக்குள்ள இருக்கறதும் இதே ஜாதிதான். சிலிக்கான் சிப் மேல லட்சக்கணக்குல குட்டி அலுமினியக் கண்ணாடி, ஒவ்வொண்ணும் ஒண்ணு +12 டிகிரி சாயும் இல்லாட்டி -12 டிகிரி சாயும், நடுவுல நிக்கற பேச்சே இல்ல. பழைய 1024×768 சிப்புல கண்ணாடிக்குக் கண்ணாடி 13.68 மைக்ரான், செகண்டுக்கு 32,552 பைனரி பேட்டர்ன் மாத்தும். நியர் இன்ஃப்ராரெட்டுக்குன்னே விட்ட சின்ன சிப் 854×480, பிட்ச் 5.4 மைக்ரான், சாய்வு 17 டிகிரி. 900 முதல் 1700 நானோமீட்டர் வரைக்கும் போற கையடக்க ஸ்பெக்ட்ரோமீட்டர் கிட்டுல இருக்கறது இதுதான்.

அந்தக் கிட் எப்படி ஓடுதுன்னு புரிஞ்சா மீதி தானா புரியும். ஒளி ஸ்லிட் வழியா உள்ள வருது, கிரேட்டிங் அத விரிக்குது, விரிஞ்ச பட்டை டிஎம்டி மேல விழுது. இப்ப இடமிருந்து வலம் போனா அலைநீளம். எந்தச் செங்குத்து வரிசைக் கண்ணாடிய ஆன் பண்றியோ அந்த அலைநீளம் மட்டும் ஒத்த இண்டியம் காலியம் ஆர்சனைடு டிடெக்டருக்குப் போகும், மிச்சமெல்லாம் வேற பக்கம் திரும்பிடும். மோட்டார் வேணாம், டிடெக்டர் வரிசை வேணாம். ஆனா இது ஒரு புள்ளிய அளக்கற சாதனம், கேமரா இல்ல.

கேமரா வேணும்னா ரெண்டு வழி. முதல் வழி, வானவில் மாதிரி நிறமெல்லாம் பிரிஞ்சு நிக்கற தளத்துல டிஎம்டிய வச்சு, திரும்ப ஒண்ணு சேத்து, பின்னாடி ஒரு சாதாரண அர்ரே (பல பிக்சல் இருக்கற டிடெக்டர்) வைக்கறது. அப்ப படம் முழுக்க ஒரே ஃபில்டர், நீ நெனச்ச வடிவத்துல. ரெண்டாவது வழி, ஒரு கிரேட்டிங்ல விரிச்சு, மாஸ்க்ல மறைச்சு, எதிர் கிரேட்டிங்ல விரிச்சத மடக்கறது. 2007ல டியூக் யுனிவர்சிட்டில டேவிட் பிரேடி குரூப் பண்ணது. இதுல ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனி ஃபில்டர் கிடைக்கும்.

#3 குறுக்குசால்

எல்லாம் சரி. ஆனா காலம் மாறிப்போச்சு சாமி.

ஒத்த டிடெக்டர் கேமராவ 2006 வாக்குல ரைஸ் யுனிவர்சிட்டில பாரனியுக், கெல்லி கோஷ்டி காட்டினப்ப நியாயம் இருந்துச்சு. சிலிக்கான் 1.1 மைக்ரானோட கண்ண மூடிக்கும், அதுக்கு மேல அர்ரே வாங்கணும்னா சொத்த விக்கணும், அதனால ஒரு டிடெக்டர் ஒரு டிஎம்டின்னு ஒப்பேத்தினாங்க. 2020ல சோனி 5 மைக்ரான் பிக்சல்ல, 1.3 மெகாபிக்சல்ல, 400 முதல் 1700 நானோமீட்டர் வரைக்கும் பாக்கற சென்சார் அறிவிச்சாச்சு. இன்னும் மலிவுன்னு சொல்ல மாட்டேன், ஆனா ஆறு எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரியுதில்ல? டிடெக்டர் விலை இறங்க இறங்க இந்த ஒப்பேத்தலுக்கு மவுசு போயிடும். 'அடாப்டிவ்'ங்கறது ஃபண்டிங் வாங்கற வார்த்தை.

#4 லேப்பூனை

குறுக்குசால் வழக்கம்போல பாதி கரெக்ட். நான் மிட் இன்ஃப்ராரெட்ல வேலை பாக்கறவ, கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

ரெண்டு விஷயத்த எல்லாரும் ஒண்ணாப் போட்டுக் குழப்பறாங்க. ஒண்ணு மல்டிப்ளெக்ஸ், இன்னொண்ணு அடாப்டிவ். ரெண்டுக்கும் ஒரே கண்ணாடிதான், ஆனா லாபம் வர்ற இடம் வேற.

மல்டிப்ளெக்ஸ் கதை பழசு. 1949லயே மார்செல் கோலே ஒரு ஸ்லிட்டுக்குப் பதிலா பல ஸ்லிட் வச்சார். ஒவ்வொரு பேண்டையும் தனியா அளக்காம பாதி பேண்ட ஒரே நேரத்துல திறந்து மொத்தமா அளந்துட்டு, அப்புறம் வேற பாதி, வேற பாதின்னு போய் கடைசில மேட்ரிக்ஸ திருப்பிப் போட்டா தனித்தனி மதிப்பு வந்துடும். ஹடமார்ட்ங்கறது அதோட ஒழுங்கான வடிவம், ஹார்விட்டும் ஸ்லோனும் 1979ல புத்தகமே எழுதிட்டாங்க. நாய்ஸ் டிடெக்டர்லேர்ந்துதான் வருதுன்னா 255 பேண்டுக்குச் சுமார் 8 மடங்கு லாபம். வர்க்கமூலத்துல பாதின்னு ஞாபகம் வச்சுக்கோங்க.

அந்த "டிடெக்டர்லேர்ந்துதான் வருதுன்னா"ங்கறதுலதான் எல்லாரும் வழுக்கி விழறாங்க. நாய்ஸ் ஒளிலேர்ந்தே வந்தா, அதாவது ஃபோட்டான் எண்ணிக்கையோட ஏத்த இறக்கமே பிரச்சனைன்னா, லாபம் பூஜ்யம். சொல்லப்போனா நஷ்டம். பலமான கோடு தப்பிச்சிடும், பக்கத்துல இருக்கற பலவீனமான கோடு பலமானதோட நாய்ஸ தலைல வாங்கிக்கிட்டு முங்கிடும். 10 மைக்ரான் பக்கம் நல்லா குளிர வச்ச டிடெக்டர்ல பேக்கிரவுண்ட் ஒளியோட நாய்ஸ்தான் ராஜா. அங்க போய் ஹடமார்ட் போட்டு 8 மடங்குன்னு பேப்பர் எழுதினா ரிவ்யூவர் சும்மா விட மாட்டார்.

அதனால டிடெக்டர் நாய்ஸ் குறையக் குறைய மல்டிப்ளெக்ஸ் லாபம் கரையும், அந்த மட்டுக்கு குறுக்குசால் சொல்றது சரி. ஆனா அடாப்டிவ் அது கூடவே செத்துப் போகாது.

#5 அரைகுறை_ஆப்டிக்ஸ்

அக்கா அப்ப அடாப்டிவ் லாபம் எங்கேர்ந்து வருது? ஃபோட்டான் அதேதானே?

#6 லேப்பூனை

தேவையில்லாத கேள்விய கேக்காம விடறதுலேர்ந்து வருது.

கணக்கு போடு. 640×512 பிக்சல், 200 பேண்ட், 2 பைட்: ஒரு க்யூபே (எல்லா பிக்சலும் எல்லா பேண்டும் சேந்த டேட்டா) 131 எம்பி. செகண்டுக்கு 30 க்யூப் வேணும்னா கிட்டத்தட்ட 4 ஜிபி. அத்தனையும் பிடிச்சுட்டு கடைசில நீ எடுக்கற முடிவு "இது பெட் (பாட்டில் பிளாஸ்டிக்), இது பிபி (பாலிப்ரொப்பிலீன்), இது தெரியல"ன்னு மூணு வார்த்தை. நடுவுல 200 பேண்டுக்கும் வெளிச்சத்தையும் நேரத்தையும் பங்கு போட்டுக் கொடுத்திருக்க. அதுல பெரும்பாலான பேண்ட் அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லாது.

நல்ல டாக்டர் எடுத்ததும் எல்லா டெஸ்டுக்கும் எழுதித் தர மாட்டார், ரெண்டு கேள்வி கேட்டு, பதிலப் பாத்து, அடுத்த கேள்விய மாத்துவார். அதேதான் இங்க. மொதல்ல எல்லா வகையையும் ரெண்டா உடைக்கற மாதிரி ஒரு ஃபில்டர் போடு. ஒரு பிக்சல் "அனேகமா ஏ இல்லாட்டி பி"ன்னு பதில் சொன்னா, அடுத்து ஏவையும் பியையும் மட்டும் பிரிக்கற ஃபில்டர் போடு, சி பத்தி யோசிக்கவே வேணாம். அளக்கற நேரம் முழுக்க சந்தேகம் இருக்கற இடத்துல செலவாகுது. அரிசோனா, டியூக் பக்கம் மைக்கேல் கெம் குரூப் இத ஸ்பெக்ட்ரல் க்ளாசிஃபிகேஷனுக்கு நேரடியா செஞ்சு காட்டியிருக்காங்க, க்யூப மீட்டெடுக்கவே மாட்டாங்க, நேரா முடிவுக்குப் போவாங்க. சிக்னல் மோசமா இருக்கற நிலைமைலதான் வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். வெளிச்சம் தாராளமா இருந்தா யார் எப்படி அளந்தாலும் சரியா வந்துடும், இந்த வித்தையே வேணாம்.

கேள்வி முன்கூட்டித் தெரியாதவங்களுக்கும் ஒரு வழி இருக்கு. கார்னகி மெலன்ல விஷ்வநாத் சரகடமும் அஸ்வின் சங்கரநாராயணனும் 2019ல போட்டது. காட்சிய ஒரு பெரிய மேட்ரிக்ஸா பாவிச்சு, ஒரு ஸ்பெக்ட்ரல் ஃபில்டர் போட்டுப் படம் எடுத்து, அந்தப் படத்தையே மாஸ்க்கா போட்டு ஸ்பெக்ட்ரம் எடுத்து, அதையே திரும்ப ஃபில்டரா போட்டு... இப்படி மாறி மாறிப் போனா காட்சில முக்கியமா இருக்கற சில கூறுகள் தானா மேல வந்துடும். ஒவ்வொரு அளவும் அடுத்த அளவத் தீர்மானிக்குது. ஆனா அது கண்ணுக்குத் தெரியற ஒளில பண்ணது, இன்ஃப்ராரெட்ல இல்ல, கைடு கிட்ட சொல்லும்போது அத மறைக்காத.

#7 விண்மீன்_பைத்தியம்

நடுவுல புகுந்துக்கறேன். ப்ரோக்ராம் பண்ற மாஸ்க்குன்னா ஜேம்ஸ் வெப்ப விட்டுட்டுப் பேசலாமா? அந்த டெலஸ்கோப்போட ஸ்பெக்ட்ரோகிராஃப் நிர்ஸ்பெக் உள்ள இருக்கற மைக்ரோஷட்டர்: 365×171 கதவு ஒரு பகுதில, அப்படி நாலு பகுதி, மொத்தம் கிட்டத்தட்ட ரெண்டரை லட்சம். ஒவ்வொரு கதவும் சுமார் 0.1 மில்லிமீட்டர் அகலம் 0.2 மில்லிமீட்டர் நீளம். ஒரு காந்தக் கை மேல ஓடி எல்லாத்தையும் திறக்கும், அப்புறம் எது திறந்தே இருக்கணுமோ அத மட்டும் வோல்டேஜ் பிடிச்சு வச்சுக்கும், மிச்சம் மூடிக்கும். நூறு கேலக்சிக்கு மேல ஒரே நேரத்துல ஸ்பெக்ட்ரம், 0.6 முதல் 5.3 மைக்ரான் வரைக்கும். சில கதவு மூடவே மாட்டேங்குது, சில கதவு திறக்கவே மாட்டேங்குது, அதுக்குன்னு லிஸ்ட் வச்சு அந்தக் கதவு மேல கேலக்சி விழாத மாதிரி டெலஸ்கோப்ப எங்க நிறுத்தணும்னு ப்ளான் பண்றாங்க. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சதே அந்தப் பழுதான கதவு லிஸ்ட்தான்.

அப்புறம் சந்திரயான்-1ல போன நாசாவோட எம்3 (மூன் மினராலஜி மேப்பர்). நிலா மேல 3 மைக்ரான் பக்கம் தண்ணி, ஹைட்ராக்சில் அடையாளம் பாத்துச்சுன்னு 2009ல சொன்னாங்களே, அதேதான். அதுல 260 பேண்ட் டார்கெட் மோட் ஒண்ணு, 85 பேண்டா சுருக்கின க்ளோபல் மோட் ஒண்ணு. நிலாவோட பெரும்பகுதி 85லதான் எடுத்தது. இதுவும் ஒரு வகைல அடாப்டிவ் தானே?

#8 குறுக்குசால்

இல்லவே இல்ல. எம்3 எல்லா ஒளியையும் பிடிச்சுட்டு, அனுப்பும்போது பக்கத்துப் பக்கத்து பேண்ட கூட்டிச் சுருக்குது. எந்த மோடுன்னு பூமில உக்காந்திருக்கறவன் சொல்றான். கண்ணாடியே வேணாம் அதுக்கு. நிர்ஸ்பெக்கும் அப்படித்தான், ஏற்கெனவே எடுத்த படத்த வச்சு கதவு ப்ளான் முன்கூட்டியே போட்டாச்சு. ப்ரோக்ராம் பண்ண முடியும்ங்கறது வேற, அளந்தத வச்சு தானே மாத்திக்கறது வேற.

#9 விண்மீன்_பைத்தியம்

ஒத்துக்கறேன், ஆனா ஒரு பாயிண்ட். ஷட்டர் அங்க ஏன் வேணும்னா, தேவையில்லாத வானத்து ஒளிய டிடெக்டருக்குப் போகாமத் தடுக்கறதுக்கு. அத சாஃப்ட்வேர்ல பண்ணவே முடியாது, நாய்ஸ் உள்ள வந்ததுக்கு அப்புறம் கழிக்க முடியாதே. முதல் போஸ்ட்ல தம்பி கேட்ட "எல்லாத்தையும் பிடிச்சுட்டு அப்புறம் எடுத்துக்கிட்டா ஆகாதா"க்கு அதான் பதில்.

#10 கழிவு_கணேசு

நான் ஆப்டிக்ஸ் படிச்சவன் இல்லீங்க, ரீசைக்ளிங் ஆலைல சார்ட்டர் மெஷின் பக்கத்துல நிக்கறவன். பிளாஸ்டிக்னு பேரப் பாத்து உள்ள வந்தேன். ரெண்டு விஷயம் சொல்லிட்டுப் போறேன்.

பெல்ட் செகண்டுக்கு மூணு மீட்டர் ஓடுது. பாட்டில் கண்ணு முன்னாடி நின்னு போஸ் கொடுக்காது. நீங்க ஒரு கேள்வி கேட்டு யோசிச்சு அடுத்த கேள்வி கேக்கறதுக்குள்ள அது தொட்டிலயே விழுந்திருக்கும்.

அப்புறம் கறுப்பு பிளாஸ்டிக். மீல்ஸ் பார்சல் ட்ரே, டிவி உடம்பு, எல்லாம் கறுப்பு. கார்பன் ப்ளாக் போட்டிருக்கறதால நியர் இன்ஃப்ராரெட்ட அப்படியே முழுங்கிடுது, மெஷினுக்கு அது வெறும் பெல்ட் மாதிரிதான் தெரியும். எத்தனை பேண்ட் இருந்தா என்ன, திரும்பி வர்ற ஒளியே இல்லையே. அப்புறம் பெட் பாட்டில் மேல முழு உயரத்துக்கும் பிவிசி ஸ்லீவ் சுத்தி வரும், மெஷின் ஸ்லீவப் படிச்சுட்டு பாட்டிலத் தள்ளிவிடும், சூப்பர்வைசர் வந்து எங்களத் திட்டுவார். உங்க அடாப்டிவ் இதுல எதையாவது தீர்க்குமா?

#11 சர்க்யூட்சாமி

கணேசு அண்ணே, நீங்க சொன்னதுதான் இந்த இழைலயே உருப்படியான ஸ்பெக்.

பெல்ட் கணக்கு: 3 மீட்டர் வேகத்துல 5 மில்லிமீட்டர் நகர 1.67 மில்லிசெகண்ட். செகண்டுக்கு 32,552 பேட்டர்ன்னா அந்த நேரத்துல 54 பேட்டர்ன் மாத்தலாம். கேக்க நிறையவே இருக்கு. ஆனா பேட்டர்ன் மாத்தறது வேற, அளந்து, கணக்குப் போட்டு, புதுப் பேட்டர்ன உருவாக்கி, சிப்புக்கு அனுப்பறது வேற. கம்ப்யூட்டருக்குப் போய் யூஎஸ்பி வழியா திரும்பி வர்றதுக்குள்ள பாட்டில் நீங்க சொன்ன தொட்டிலதான் இருக்கும்.

அதனால யோசிக்கற வேலைய முன்னாடியே முடிச்சுடணும். எந்தப் பதில் வந்தா அடுத்து எந்த ஃபில்டர்னு ஒரு மரமா வரைஞ்சு, எல்லாப் பேட்டர்னையும் போர்டு மெமரில ஏத்திட்டா, ஓடும்போது வெறும் "பெருசா சின்னதா"ன்னு ஒப்பிட்டு கிளை மாறினா போதும். எஃப்பிஜிஏவுக்கு (நாமளே உள் சர்க்யூட்ட ப்ரோக்ராம் பண்ற சிப்) அது தூசு. பாலிஎத்திலீனுக்கு 1.21 மைக்ரான்லயும் 1.73 பக்கத்துலயும் உறிஞ்சல், பெட்டுக்கு 1.66 பக்கத்துல. 1.73ங்கறது சாதாரண இண்டியம் காலியம் ஆர்சனைடு டிடெக்டர் படுத்துடற இடம், அதனால 1.21ஐயும் 1.66ஐயும் நம்பிதான் மரம் போடணும்.

ஸ்லீவ் பிரச்சனைக்கு நான் ஜோசியம் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு பாட்டில்ல மூடி பக்கம் ஒரு பதில், உடம்புப் பக்கம் வேற பதில்னு வந்தா அந்த ஒண்ணுக்கு மட்டும் கழுத்துப் பக்கம் கூடுதலா ரெண்டு கேள்வி கேக்கற வசதி இதுல இருக்கு, புஷ்ப்ரூம்ல இல்ல.

#12 குறுக்குசால்

நாலே நாலு பிளாஸ்டிக்குக்கு பத்து நிலையான ஃபில்டர வரிசையா போட்டு முடிச்சுடலாமே. மரம், கிளை எல்லாம் எதுக்கு? வகை இருபது முப்பது ஆனா, இல்ல சிக்னல் படுமோசமா இருந்தா சொல்லு, வாய மூடிக்கறேன்.

#13 லேப்பூனை

அதுக்கு நான் சண்டை போடல, நாலு வகைக்கு நிலையான ஃபில்டரே ஜெயிக்கும்னுதான் நானும் நினைக்கறேன்.

கறுப்பு பிளாஸ்டிக் பத்தி கணேசு அண்ணன் சொன்னதுக்கு: 3 முதல் 5 மைக்ரானுக்குப் போனா கறுப்பும் பிடிபடும், அங்க கார்பன் ப்ளாக்கத் தாண்டி பாலிமரோட அடையாளம் தெரியும். மிட் இன்ஃப்ராரெட் சார்ட்டர் இருக்கு. ஆனா டிஎம்டிய அங்க கொண்டு போறதுலதான் என் தலைமுடி பாதி கொட்டுச்சு.

முதல் வில்லன் ஜன்னல். சிப்ப மூடியிருக்கற கண்ணாடி 2.5 மைக்ரான் தாண்டினா இருட்ட ஆரம்பிச்சுடும். அதப் பிரிச்சுட்டு ஜிங்க் செலினைடோ ஜெர்மானியமோ போட்டு ஒட்டணும், தூசி ஒரு துகள் உள்ள போச்சுன்னா கண்ணாடி சிக்கிக்கும்.

ரெண்டாவது டிஃப்ராக்ஷன், அதாவது கண்ணாடி வரிசையே கிரேட்டிங் மாதிரி ஒளிய பல திசைக்கு (ஆர்டர்) பிரிச்சு விடறது. 13.68 மைக்ரான் பிட்ச்ல 1.5 மைக்ரான் ஒளி விழுந்தா முதல் ஆர்டர் 6 டிகிரி சொச்சம் தள்ளிப் போகும், லென்ஸ் பிடிச்சுக்கும். 10 மைக்ரான் ஒளின்னா 47 டிகிரி. ஆன் ஒளியும் ஆஃப் ஒளியும் 48 டிகிரி இடைவெளில போகுதுன்னு நாம டிசைன் பண்ணியிருக்கோம்! ஆஃப் ஒளி ஆன் வாசல்ல வந்து நிக்கும், கான்ட்ராஸ்ட் காலி. புது சிப் 5.4 மைக்ரான் பிட்ச்ங்கறதால அங்க இன்னும் மோசம். ப்ரொஜெக்டர்காரங்களுக்குப் பிக்சல் சின்னதா இருந்தா சந்தோஷம், நமக்கு நேர் எதிர்.

மூணாவது, சூடு. அறை வெப்பத்துல இருக்கற எல்லாமே 10 மைக்ரான் பக்கம் உச்சத்துல ஒளிருது. கண்ணாடி ஆஃப்ல இருக்கும்போது டிடெக்டர் இருட்டப் பாக்கல, அந்தக் கண்ணாடி வழியா டப்பா சுவரப் பாக்குது, சுவர் தகதகன்னு ஒளிருது. நிர்ஸ்பெக் 40 கெல்வின் பக்கம் உக்காந்திருக்கறதால அதுக்கு இந்தத் தலைவலி இல்ல. நமக்கு ஆஃப் பக்கத்துல குளிர வச்ச கறுப்புத் தட்டு ஒண்ணு வைக்கணும், அப்பவும் அடிக்கடி பேக்கிரவுண்ட் அளந்து கழிக்கணும்.

அதனால தம்பி, 1.7 மைக்ரானுக்குள்ள நில்லு. கறுப்பு பிளாஸ்டிக் உன் ப்ராஜெக்ட்ல வேணாம்.

#14 வாயு_வேட்டை

லேட்டா வந்தேன். இமேஜிங் ரொம்பக் குறைவான பிக்சல்லயே வேலைக்கு ஆகும்ங்கறதுக்கு ஒரு நல்ல உதாரணம் க்ளாஸ்கோ யுனிவர்சிட்டில மைல்ஸ் பேட்ஜெட் குரூப் 2017ல காட்டின மீத்தேன் கேமரா. 1.651 மைக்ரான் லேசர டிஎம்டில பேட்டர்னா மாத்தி அடிச்சு, திரும்பி வர்றத ஒத்த டிடெக்டர்ல வாங்கறாங்க. வெறும் 16×16 பிக்சல், 256 பேட்டர்ன், செகண்டுக்கு சுமார் 25 படம். ஒரு மீட்டர் தூரத்துல நிமிஷத்துக்கு 0.2 லிட்டர் கசிவு தெரிஞ்சுது. அந்த மங்கலான வாயுப் படத்த சாதாரண கலர் கேமரா படத்து மேல போத்திடறாங்க, பாக்கறவனுக்கு எந்தக் குழாய்னு தெரிஞ்சா போதும்தானே. அதே குரூப் அதே வருஷம், காட்சில எங்க அசைவு இருக்கோ அங்க மட்டும் பிக்சல நெருக்கி வைக்கற மாதிரியும் பண்ணாங்க. குறுக்குசாலுக்கு அது நிஜமான அடாப்டிவ்தான்.

#15 குறுக்குசால்

அது அடாப்டிவ்தான். ஸ்பெக்ட்ரல் இல்ல :)

#16 அரைகுறை_ஆப்டிக்ஸ்

எல்லாருக்கும் நன்றி, குறிப்பா கணேசு அண்ணனுக்கு. கைடு கிட்ட இப்படிச் சொல்லலாம்னு இருக்கேன்: பெல்ட் இல்ல, நிக்கற ட்ரே. அந்த நியர் இன்ஃப்ராரெட் கிட், ட்ரேய நகர்த்த ஒரு எக்ஸ்-ஒய் ஸ்டேஜ். ஒரே சாம்பிள மூணு விதமா அளப்பேன்: முழு ஸ்கேன், பத்து நிலையான ஃபில்டர், சாமி அண்ணன் சொன்ன மரம். அப்புறம் லேம்ப் வெளிச்சத்தக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கிட்டே போய் எந்த இடத்துல எது தடுமாறுதுன்னு பாப்பேன். மரம் ஜெயிக்கலன்னா ஜெயிக்கலன்னே எழுதிடறேன். ஒரே சந்தேகம், லேம்ப் வெளிச்சமே ஆடினா மரம் தப்பான கிளைல போயிடாதா? ஆஃப் பக்கத்துல ரெண்டாவது டிடெக்டர் வச்சு சரிபண்ணலாம்னு பாத்தா கிட்ல ஒரு டிடெக்டர்தான் கொடுத்திருக்கான்.

#17 சர்க்யூட்சாமி

ரெண்டாவது டிடெக்டர் வேணாம். ஒவ்வொரு ஃபில்டரையும் போட்ட உடனே அதோட நேர் எதிரையும் போடு, ரெண்டையும் கழிச்சு, மொத்தத்தால வகுத்துக்கோ. வேகம் பாதியாகும், ட்ரே நின்னுட்டுத்தானே இருக்கு. இன்னொண்ணு, வெளிச்சத்தக் குறைக்க லேம்ப் கரண்ட்டக் குறைக்காத, டங்ஸ்டன் இழை சூடு குறைஞ்சா ஸ்பெக்ட்ரமே மாறிடும். நடுவுல கம்பி வலை ஏதாவது வை.

#18 கழிவு_கணேசு

தம்பி சாம்பிள் வேணும்னா சொல்லுங்க, கழுவாதது, லேபிளோட, ஒரு மூட்டை கட்டித் தர்றேன். கடைல வாங்கின புது பாட்டில வச்சு டெமோ காட்டிடாதீங்க.